நல்ல லைன் டிரைவர் என்று யாரைச் சொல்வோம்?

கேள்வி இது: "தம்பிக்கு ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது. நாமக்கல்லில் ஒரு ஓனரிடம் பம்பாய் லைனுக்குப் போகப்போகிறான். வண்டி நன்றாகத்தான் ஓட்டுகிறான். தேர்ந்த லைன் டிரைவர் ஆக அதற்கு மேல் என்ன வேண்டும்? எப்படிப்பட்ட வண்டியில் சேர்த்துவிடுவது?"

லைன் என்றால் நெடுந்தூர லாரித் தடம். நான் நவி மும்பை கலம்போலியில், சரக்குக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். இங்கே இருக்கும் ஸ்டீல் மார்க்கெட்டிலிருந்து தெற்கே போகிற லோடுகள்தான் பெரும்பாலும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் பக்கத்து டிரைவர்களோடு தினமும் பேச்சு, கணக்கு, சில நாள் சண்டையும் உண்டு. பல லட்ச ரூபாய்ச் சரக்கை யாரிடம் ஏற்றிவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியது என் வேலை. அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வண்டி ஓட்டத் தெரியாதவர் இந்த லைனுக்கே வரமாட்டார். ரிவர்ஸ் எடுப்பதும் சந்தில் திருப்புவதும் ஓரிரு வருடத்தில் எல்லோருக்கும் கைவந்துவிடும். ஆகவே ஓட்டுகிற திறமையை வைத்து நான் ஆளை எடைபோடுவதில்லை. வண்டி நிற்கும்போது அவர் என்ன செய்கிறார், எந்த இடத்தில் "மாட்டேன்" என்று சொல்கிறார், இந்த இரண்டைத்தான் பார்க்கிறேன். ரோட்டில் நடக்கிற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் வண்டி நகருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

லோடு ஏற்றும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஸ்டீல் காயிலை, அதாவது சுருட்டிவைத்த இரும்புத் தகட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காயில் ஐந்து டன்னும் இருக்கும், இருபது டன்னுக்கு மேலும் இருக்கும். உருண்டையான பொருள். திடீரென்று பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், காயில் நிற்காது. அது முன்னால் உருண்டு வந்தால் இருக்கிற முதல் தடுப்பு கேபின்தான், கேபினில் இருப்பது டிரைவர்தான். கிரேன்காரர் காயிலை இறக்கிவைக்கும்போது பல டிரைவர்கள் டீக்கடையில் இருப்பார்கள். நல்ல டிரைவர் பாடிக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு அடி பின்னாடி" என்று சைகை காட்டிக்கொண்டிருப்பார். எடை ரொம்ப முன்னால் போனால் ஸ்டியரிங் கனக்கும், முன் டயர் தேயும். ரொம்பப் பின்னால் போனால் முன்பக்கம் லேசாகி, ஏற்றத்திலும் ஈரச் சாலையிலும் ஸ்டியரிங் திருப்பினால் வண்டி கேட்காது. எந்த அச்சில் எவ்வளவு எடை உட்கார வேண்டும் என்று தன் வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியும். கட்டையை இரண்டு பக்கமும் அடித்து இறுக்குவார், செயினைப் போட்டு டைட்டனரில் முறுக்குவார், செயின் பாடியின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய டயர்த் துண்டை வைப்பார்.

அதோடு முடியவில்லை. எந்தச் சரக்கும் வண்டி கிளம்பி முதல் கொஞ்ச தூரத்தில் குலுங்கி உட்காரும். அப்போது செயினும் கயிறும் தளரும். கலம்போலியில் கட்டியது காலாபூர் டோல் வருவதற்குள் தளர்ந்திருக்கும். அதற்கப்புறம் கண்டாலா மலைமேல் ஏறும் போர் காட் பாதை. மலை ஏறுவதற்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, எல்லாவற்றையும் மறுபடி முறுக்குகிறவர் எனக்கு வேண்டிய டிரைவர். கன்டெய்னர் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். நவ சேவா துறைமுகத்திலிருந்து வெளியே வரும்போது நான்கு மூலை டிவிஸ்ட் லாக்கும் பூட்டியிருக்கிறதா, சீல் நம்பர் பேப்பரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது. திருப்பத்தில் கன்டெய்னர் மட்டும் தனியாகச் சாய்வது பூட்டாத லாக்கினால்தான்.

ஓவர்லோடு விஷயத்தில் "மாட்டேன்" என்ற சொல் முதன்முதலாகத் தேவைப்படும். 2018-இல் அச்சு எடை வரம்பை மத்திய அரசு உயர்த்தியது. உயர்த்திய பிறகும், அதற்கு மேலே இரண்டு டன் ஏற்றலாமா என்று கேட்கிற சரக்குக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதிகச் சரக்கை இறக்கிவைக்கிற செலவு தனி. அந்தப் பணத்தை ஓனர் கட்டிவிடலாம். ஆனால் மலை இறக்கத்தில் அந்த இரண்டு டன்னையும் பிடித்து நிறுத்த வேண்டியவர் டிரைவர். எடைமேடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதை எறக்கிட்டுத்தான் வண்டி எடுப்பேனுங்க" என்று சொன்ன டிரைவரை ஒரு பார்ட்டி, அதாவது சரக்குக்காரர், என் ஆபீஸிலேயே திட்டினார். நான் அந்த டிரைவருக்கு அடுத்த லோடையும் கொடுத்தேன்.

பேப்பர் வேலையையும் நிற்கும்போது செய்யும் வேலையாகத்தான் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி வந்து 2017-இல் மாநில எல்லைச் செக்போஸ்ட்டுகளில் வரிக்காகக் காத்துக்கிடப்பது போய்விட்டது, 2018 ஏப்ரலிலிருந்து சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில் வந்தது. அது செல்லுபடியாகும் காலம் இப்போது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. கலம்போலியிலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், ஆறேழு நாள் கிடைக்கும். தாராளமாகத் தெரியும். கியர்பாக்ஸ் உடைந்து ஹூப்ளியில் மூன்று நாள் படுத்துவிட்டு, இறக்கும் இடத்திலும் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டால் அது போதாது. காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போதான் நீட்டிக்க முடியும். தேதி எப்போது முடிகிறது என்று தானே ஞாபகம் வைத்து ஆபீஸுக்குப் போன் செய்கிற டிரைவர் லட்சக்கணக்கில் காப்பாற்றிக் கொடுக்கிறார். வண்டி நம்பரில் ஒரு எண் மாறியிருந்தாலும் நடுரோட்டில் நிறுத்திவிடுவார்கள். கிளம்புமுன் எல்.ஆர். (லாரி ரசீது), இன்வாய்ஸ், இ-வே பில் மூன்றிலும் நம்பரையும் எடையையும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். தம்பிக்கு இங்கிலீஷ் எண்களும் எழுத்துகளும் படிக்கத் தெரிந்தால் இதற்குப் போதுமானது.

காலையில் வண்டியைச் சுற்றி வருவதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், சிலர்தான் செய்வார்கள். சுற்றி வருவதென்றால் நடந்து வருவது மட்டும் போதாது. வீல் ஸ்பேனரால் ஒவ்வொரு டயரையும் தட்ட வேண்டும். உள் டயரில் காற்று இறங்கியிருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஜோடி டயர் இரண்டும் நேராக நிற்பதுபோலவே இருக்கும். சத்தத்தில்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு டயருக்கும் நடுவே கல் மாட்டியிருந்தால் எடுக்க வேண்டும். வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு ஒழுகியிருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏர் மீட்டர் முழுதாக ஏறும்வரை காத்திருந்து, பிரேக்கை மிதித்துப் பிடித்து, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் ஓடிச் சூடான டயரில் காற்று அதிகமாகக் காட்டுகிறதே என்று சிலர் திறந்துவிடுவார்கள். அது தவறு. சூட்டில் அழுத்தம் ஏறுவது இயல்பு, டயர் ஆறிய பிறகு பார்த்தால் குறைவாக இருக்கும், குறைந்த காற்றோடு ஓடுகிற டயர்தான் இன்னும் சூடாகி வெடிக்கும்.

இனி இறக்கம். இந்தத் தொழிலில் உயிரைக் காப்பாற்றுகிற அறிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பம்பாய் லைனில் பெரிய இறக்கங்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். பம்பாய் நோக்கி வரும்போது, சதாராவுக்கு இந்தப் பக்கம் கம்பாட்கி, அப்புறம் புனேயில் காத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை சரிவு, கடைசியாகக் கண்டாலா மலை. ஊர் நோக்கிப் போகும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய். கண்டாலாவை இறங்கினால் கலம்போலி, தொப்பூரை இறங்கினால் சேலம். அதாவது இரண்டு திசையிலும் மோசமான இறக்கம் பயணம் முடியப்போகிற நேரத்தில் வருகிறது. உடம்பு களைத்திருக்கும், மனசு வீட்டுக்கோ அன்லோடிங் பாயின்டுக்கோ போயிருக்கும், "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்று தோன்றும். தொப்பூர் இரட்டைப் பாலத்துப் பக்கம் நடந்த விபத்துகளைக் கேட்டால், நீண்ட தூரம் நன்றாக ஓட்டி வந்தவர் இங்கே வந்து மாட்டிக்கொண்டார் என்பதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது.

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நியூட்ரலில். சரிவில் கியரை எடுத்துவிட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வருகிறது. இப்போது ஓடுகிற வண்டிகளில் அது உண்மையே இல்லை. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதை வண்டியே நிறுத்திவிடுகிறது, சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். செங்குத்தான சரிவில் மிச்சம் என்று ஒன்றுமில்லை, செலவுதான்.

அதைவிட முக்கியம் இன்ஜின் பிடிமானம் போய்விடுவது. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், புகை வெளியேறுவதை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்த எடையும் பிரேக் டிரம்மின் மேல் விழுகிறது. மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கொதிக்கும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் வழக்கம்போல இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. "பிரேக் பெயிலியர்" என்று எழுதப்படுகிற பல விபத்துகளில் பிரேக்கின் எந்தப் பாகமும் உடைந்திருக்காது, சூடாகிச் செத்துப்போயிருக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குவது இன்னும் மோசம். கம்ப்ரஸர் நின்றுவிடும், ஒவ்வொரு மிதிக்கும் ஏர் குறையும், பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். 2022 நவம்பரில் நவலே பாலத்தருகே ஒரே லாரி நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளில் மோதியபோது பிரேக் பெயிலியர் என்றுதான் முதலில் பேசப்பட்டது. சரிவில் இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கியதாகப் போலீஸ் பிறகு சொன்னது.

சரியான முறை பழைய டிரைவர்கள் சொல்வதுதான்: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. கியரைச் சரிவு தொடங்குமுன்பே குறைக்க வேண்டும். வேகம் பிடித்த பிறகு, அதுவும் நியூட்ரலிலிருந்து, கீழ் கியர் விழவே விழாது, பல்லில் அரைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். மீதியை எக்ஸாஸ்ட் பிரேக்கும் இன்ஜினும் பார்த்துக்கொள்ளும். கால் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வரக் கூடாது. நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும், டிரம் ஆற நேரம் கிடைக்கும். பின்னால் வருகிற கார்கள் ஹாரன் அடிக்கும், பஸ்காரர் திட்டுவார். அடிக்கட்டும். இடது தடத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் தொப்பூரை இறக்குகிற டிரைவரைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

தூக்கத்துக்கு வருகிறேன். 1961-இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரம் நாற்பத்தெட்டு மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. லாரி லைனில் அந்த எண்களை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இரண்டு டிரைவர் போய்க்கொண்டிருந்த வண்டிகளில் இப்போது ஒருவரே போகிறார், கிளீனர்கூட இல்லாத வண்டிகள் நிறைய. ஆகவே தூக்கத்தைத் தானே காவல் காக்க வேண்டிய நிலைமை டிரைவருக்கு.

ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தூங்கியே தீர வேண்டும் என்று கேட்கும் நேரம். டீ, பீடி, பான், முகத்தில் தண்ணீர் எதுவும் தூக்கத்துக்கு மாற்று இல்லை, சில நிமிடம் தள்ளிப்போடும். கண் திறந்தபடியே சில வினாடி மூளை அணைந்துபோகும், அறுபதில் போகிற வண்டி அந்த வினாடிகளில் ஐம்பது அறுபது மீட்டர் யாரும் ஓட்டாமலே ஓடியிருக்கும். தேர்ந்த டிரைவர் தூக்கம் வந்த பிறகு இடம் தேடமாட்டார். கிளம்பும்போதே "கராட் பக்கத்துல சாப்பாடு, கோலாப்பூர் தாண்டி பங்க்ல படுக்கை" என்று சொல்லிவிடுவார். படுக்கும் இடமும் யோசித்த இடமாக இருக்கும்: வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பங்க், டீசல் டேங்க் தெரிகிற மாதிரி நிறுத்தல். ரோட்டோரத்தில் விளக்கில்லாமல் நிற்கிற லாரியின் பின்னால் கார் வந்து செருகுவது இந்த நாட்டில் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது.

இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அவசர லோடு, ராத்திரியே கிளம்ப வேண்டும் என்று பார்ட்டி நெருக்கியது. எங்கள் பக்கத்து டிரைவர் ஒருவருக்குப் போன் போட்டேன். "இல்லீங்கண்ணா, நேத்து ராத்திரி பூரா அன்லோடிங் லைன்ல நின்னேன், கண்ணு எரியுது. விடிஞ்சதும் எடுக்கறேன். அவசரம்னா வேற வண்டி பாத்துக்குங்க" என்றார். வாடகை போகிறதே என்று அவர் தயங்கவில்லை. லோடை விடியும்வரை நிறுத்திவைத்து அவருக்கே கொடுத்தேன். பார்ட்டிக்கு நான் பதில் சொல்லிக்கொண்டேன்.

இங்கே நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரைவரின் தூக்கத்தைத் திருடுவது பெரும்பாலும் ரோடு இல்லை, லோடிங் கேட். பகல் முழுக்க வெயிலில் வரிசையில் நிற்கவைத்து, ராத்திரி பதினொரு மணிக்கு கேட் பாஸ் கொடுத்து, காலையில் எங்கே போய்விட்டாய் என்று கேட்கிறார்கள். நிற்கிற நாளுக்கு ஹால்டிங், அதாவது காத்திருப்புப் பணம், கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் லோடு எடுக்கிற ஒரு தொழிற்சாலையில் டிரைவர்கள் கக்கூஸுக்கு உள்ளே போகக் கூடாது என்று செக்யூரிட்டி தடுத்ததைப் பார்த்து நானே போய்ச் சத்தம்போட்டேன். அந்த வரிசையில் நிற்பவரிடம் தொழில் நேர்த்தியை எதிர்பார்க்கும் யாரும், முதலில் அவருக்கு உட்கார ஒரு நிழலும் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் கொடுத்திருக்க வேண்டும்.

ரோட்டைப் படிப்பது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே ரோடு மாதத்துக்கு மாதம் வேறு ரோடு. ஐப்பசி கார்த்திகையிலிருந்து பங்குனி வரை சதாரா, கராட், கோலாப்பூர், நிப்பாணி, பெலகாவி பக்கம் கரும்பு வெட்டு. இரண்டு டிரெய்லர் கோத்த டிராக்டர்கள் பின் விளக்கு இல்லாமல் நெடுஞ்சாலையில் ஊரும், மாட்டு வண்டியும் வரும். கரும்பு நுனி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தில் அது தெரிவதற்கும் மோதுவதற்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. அந்தப் பக்கத்தில் ராத்திரி வேகத்தைக் குறைக்கிறவர் ரோட்டைத் தெரிந்தவர். ஆனி ஆடியில் லோனாவாலா மேலே முன்னால் போகிற வண்டியின் பின் விளக்கே தெரியாத அளவுக்கு மேகம் இறங்கும். முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெய் மிதந்து வழுக்கும். ஹூப்ளி தார்வாட் பைபாஸ் நெடுங்காலம் இரண்டே தடமாக இருந்து நிறைய உயிரைக் குடித்த ரோடு, நான்கு தடத்தில் வந்த வேகத்தோடு அதில் நுழைந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

மற்ற வண்டிகளோடு பழகும் விதத்தில் ஒரு சின்ன விஷயம். பின்னால் வருகிறவருக்கு வழிவிடுவதற்காகச் சிலர் வலது இண்டிகேட்டர் போடுவார்கள். வேறு சிலர் அதே வலது இண்டிகேட்டரை "நான் வலது பக்கம் வருகிறேன், ஏறாதே" என்று போடுவார்கள். மாநிலத்துக்கு மாநிலம், ஆளுக்கு ஆள் இது மாறுகிறது, பைக்கில் வருகிறவர் தப்பாகப் புரிந்துகொண்டால் முடிந்தது. பக்குவப்பட்ட டிரைவர் இண்டிகேட்டரைத் தான் திரும்புவதற்கு மட்டுமே போடுவார். பிரேக்டவுன் ஆனால் முக்கோண ரிஃப்ளெக்டரைப் பின்னால் நல்ல தூரம் தள்ளி வைப்பார். அது இல்லாமல் கல்லையும் மரக்கிளையையும் அடுக்கி வைத்திருந்தால், வண்டி கிளம்பும்போது திரும்ப நடந்துபோய் அவற்றை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். வேலை முடிந்த பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், பைக்கில் வரப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காக அந்தக் கல்லை எடுக்கப் போகிறவரிடம் எதையும் நம்பி ஒப்படைக்கலாம்.

போனில் உண்மை பேசுவது எனக்கு அடுத்த பெரிய அளவுகோல். "எங்க இருக்கீங்க?" என்றால் இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது, பொய் நிற்காது என்பது வேறு. நான் சொல்வது கெட்ட செய்தியை முதலில் சொல்கிற பழக்கம். "அண்ணா, சித்ரதுர்கா தாண்டி ஏர் லீக், நாளைக்கு மத்தியானம் ஆயிடும்" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னால் நான் பார்ட்டியிடம் பேசிச் சமாளித்துவிடுவேன். மழையில் தார்ப்பாய் கிழிந்து ஷீட் நனைந்ததை மறைத்து, இறக்கும் இடத்தில் தெரியவந்தால் பாலன்ஸ் வாடகை மொத்தமும் மாட்டிக்கொள்ளும். இறக்கி முடித்ததும் எல்.ஆரில் கையெழுத்தும் சீலும் வாங்கி, குறைவு சேதம் என்று எதையாவது எழுதியிருந்தால் அங்கேயே படம் எடுத்து அனுப்புவதும் இதில் சேர்ந்தது. மராட்டியத்தில் ஏற்றி இறக்குவது மாத்தாடித் தொழிலாளர்கள், அவர்களுக்கென்று 1969-இல் வந்த சட்டமே இருக்கிறது. அவர்களோடு நாலு வார்த்தை இந்தியோ மராட்டியோ மரியாதையாகப் பேசத் தெரிந்தவருக்கு வேலை சீக்கிரம் நடக்கும். தம்பிக்கு இந்தி தெரியாவிட்டால் கவலை வேண்டாம், ஆறு மாதத்தில் ரோடே கற்றுக்கொடுத்துவிடும்.

புது வண்டிகள் பற்றிச் சுருக்கமாக. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. டீசல் ஒரு டேங்கில் என்றால், புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவத்தைத் தனி டேங்கில் ஊற்ற வேண்டும், தீர்ந்தாலோ கலப்படம் ஊற்றினாலோ வண்டி தன் இழுவையைக் குறைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் எரிகிற விளக்குக்கு அர்த்தம் தெரியாமல் ஓட்டினால் செலவு பெரிது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். ரொம்பக் காலம் கழித்து வந்த நல்ல சட்டம், வெயிலில் வெந்த மூளை சரியான முடிவு எடுக்காது. நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கர்கள் அதிகம், தம்பிக்குப் பிற்காலத்தில் அதில் ஆசை வந்தால் மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும். டேங்கரில் இருக்கும் எமர்ஜென்சி கார்டைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் அந்த ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: எந்த வண்டியில் சேர்ப்பது. முதல் வருடம் சிங்கிள் டிரைவராக அனுப்பவே வேண்டாம், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நாற்பது ஐம்பது வயதான, அமைதியான ஒருவரோடு இரண்டாவது டிரைவராக அனுப்புங்கள். கண்டாலா இறக்கத்தையும் தொப்பூரையும் முதல் சில தடவை அந்தப் பெரியவர் இறக்கட்டும், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எந்த இடத்தில் எந்த கியருக்கு வருகிறார் என்று பார்க்கட்டும். அப்புறம் பகலில், அவர் பக்கத்தில் இருக்க, தம்பி இறக்கட்டும்.

ஓனரிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. சம்பளம் மாதக் கணக்கா, டிரிப் கணக்கா? டிரிப் கணக்கு என்றால் நிற்கிற நாளுக்குப் பேட்டா உண்டா? இல்லையென்றால் அந்த நாட்களை ஈடுகட்ட தம்பி ராத்திரி ஓட்டத்தான் செய்வான். டீசல் மிச்சம் பிடித்தால் பணம் என்று மைலேஜ் கணக்கு வைக்கிறாரா? வைத்தால் தப்பில்லை, ஆனால் எட்ட முடியாத மைலேஜை நிர்ணயித்திருந்தால் நியூட்ரலில் இறக்கச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான். வண்டியைப் போய்ப் பாருங்கள். பின்பக்கம் இருக்கிற டயர்களையும் ஸ்டெப்னியையும் பார்த்தாலே ஓனர் யார் என்று தெரிந்துவிடும். பழைய டிரைவர் எத்தனை வருடம் இருந்தார், ஏன் போனார் என்று விசாரியுங்கள், ஊரில் இது ரகசியமாக இருக்காது. டிரைவர் போனில் "தூக்கமா இருக்குங்க" என்றால் ஓனர் என்ன பதில் சொல்வார் என்று அந்தப் பழைய டிரைவரிடமே கேளுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு தடவை வாங்கிப் படியுங்கள். சம்பள டிரைவருக்கும் கிளீனருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று அதில் தனி வரியில் இருக்கும். இரண்டு டிரைவர் போகிற வண்டியில் ஒருவருக்கு மட்டும் கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகை மிகச் சின்னது, கேட்டால் எந்த ஓனரும் கட்டிவிடுவார். தம்பி வண்டியில் ஏறுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.